மணச்சடங்கில் சமயமும் வட்டாரமும்: குஜராத்திச் சமணர், தமிழ்ச் சமணர், கல்வராயன் மலையாளிகள் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சமணர் திருமணம் என ஒரே வடிவம் உண்டா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. குஜராத்திச் சமணர் மணவழக்கங்களும் திகம்பரத் தமிழ்ச் சமணர் மணவழக்கங்களும் தாய்மாமன் உரிமை என்னும் புள்ளியில் ஒப்பிடப்படுகின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைவாழ் மலையாளிப் பழங்குடியினரின் வழக்கம் மூன்றாம் அளவுகோலாக வைக்கப்படுகிறது. வழக்கம் என்னும் சொல்லுக்கு இன்றைய சட்டத்தில் உள்ள எடையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தமிழ்ச் சமணர், குஜராத்திச் சமணர், தாய்மாமன் சீர், மாமேரு, சீவகசிந்தாமணி, மலையாளிப் பழங்குடியினர், கரணம்.

முன்னுரை

2019ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கிழக்கே, உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், திருநறுங்கொண்டை என்னும் பழைய சமணத் தலம் உள்ளது. குன்றின்மேல் அப்பாண்டைநாதர் எனப் பெயர் வழங்கும் பார்சுவநாதர் கோயில் கொண்டுள்ளார். சோழர் காலக் கல்வெட்டுகள் இவ்வூர்ப் பள்ளிக்கு வழங்கப்பட்ட கொடைகளைப் பேசுகின்றன. அதே மாவட்டத்தின் மேற்கெல்லையில் கல்வராயன் மலை. அங்கே வெள்ளிமலையைச் சூழ்ந்த ஊர்களில் மலையாளிகள் வாழ்கின்றனர். இவர்கள் கேரளத்தார் அல்லர்; மலையை ஆள்வோர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும், தமிழ் பேசும் பழங்குடியினர். இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட நகரங்களின் கடைத்தெருக்களில் மூன்றாவது ஒரு கூட்டத்தாரைத் தமிழர் ‘சேட்டு’ என ஒற்றைச் சொல்லால் அழைப்பர். அச்சொல் இராசத்தானத்து மார்வாடியையும் குஜராத்தியையும், வைணவனையும் சமணனையும் ஒன்றாக்கிவிடுகிறது. தமிழகத்தில் குடியேறிய வடபுலச் சமணருள் பெரும்பான்மையோர் இராசத்தானத்தாரே. குஜராத்தியர் தொகையில் குறைந்தவர்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் சமணர் என எழுதப்பட்டோர் 89,265 பேர். இந்த எண்ணுக்குள் நயினார் எனப்படும் பழந்தமிழ்ச் சமணரும் வடபுல வணிகரும் கலந்தே உள்ளனர். சமயம் ஒன்று, பிரிவும் மொழியும் உறவுமுறையும் வேறு. ஒரு திருமணப் பந்தலில் இவ்வேறுபாடு தெரிவதுபோல் கோயிலில் தெரிவதில்லை.

இல்லறத்தைப் பற்றிய சமணத்தின் தயக்கம்

சமணம் துறவை மையமாகக் கொண்ட சமயம். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரமும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் இல்லறத்தான் கொள்ளும் பிரமசரிய அணுவிரதத்துக்குரிய குற்றங்களை வரிசைப்படுத்துமிடத்துப் பிறருக்குத் திருமணம் செய்துவைத்தலையும் ஒரு குற்றமாக எண்ணுகின்றன. தம் மக்களுக்கு மணம் முடித்தல் கடமை. ஊராருக்குப் பொருத்தம் பார்த்து முடித்துவைத்தல் விரதத்துக்கு இழுக்கு. சமந்தபத்திரர் நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. தரகு பேசி மணம் முடிப்பதை ஓர் அறச்செயலாகவே கருதும் தமிழ்ச் சூழலில் இவ்விதி எவ்வளவு அயன்மையாகத் தோன்றியிருக்கும் என்பது எண்ணத்தக்கது.

இந்நிலையில் சமணர் தமக்கெனத் தனி மணச்சடங்கை எங்கிருந்து பெற்றனர்? ஒன்பதாம் நூற்றாண்டில் சினசேனர் தம் ஆதிபுராணத்தில் இல்லறத்தானுக்குரிய ஐம்பத்துமூன்று கிரியைகளை வகுத்தார். அவற்றுள் பதினேழாவது விவாகம். வேத மரபின் தீவலம் இதில் இடம்பெறுகிறது. ஆயின் தீக்குத் தன்னளவில் தூய்மை இல்லை, தீர்த்தங்கரர், கணதரர், கேவலியர் ஆகியோரின் இறுதிவழிபாட்டோடு இயைந்ததால் வந்த தூய்மையே அதற்குண்டு என அவர் பொருள் மாற்றுகிறார். மணமக்கள் ஏழுநாள் பிரமசரியம் காக்கவேண்டும் என்பதும் அவர் விதி. சுவேதாம்பரரிடையே பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வர்த்தமானசூரி இயற்றிய ஆசார தினகரம் பதினாறு சமற்காரங்களுள் ஒன்றாக மணத்தை விரித்துரைக்கிறது.

இவ்விரு நூல்களைவிடவும் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது, 959இல் சோமதேவசூரி முடித்த யசஸ்திலகத்தில் உள்ள ஒரு கொள்கை. இல்லறத்தான் அறம் உலகியல் சார்ந்தது, மறுமை சார்ந்தது என இருவகைப்படும். உலகியல் சார்ந்தவற்றில் நாட்டு வழக்கமே சமணருக்குப் பிரமாணம். நற்காட்சிக்குக் குறைவோ விரதத்துக்குக் கேடோ நேராதிருந்தால் போதும் என்பது அவர் கூற்றின் கருத்து. சடங்கின் வடிவத்தை வட்டாரம் தருகிறது. எதை நீக்குவது என்பதைச் சமயம் சொல்கிறது. குஜராத்திலும் தமிழகத்திலும் நிகழ்ந்திருப்பது இதுவே.

குஜராத்திச் சமணர் மணம்

குஜராத்தின் வணிகச் சாதிகளுள் ஒரே சாதியில் வைணவப் பிரிவும் சமணப் பிரிவும் இருந்தமையும், அவற்றிடையே கொள்வினை கொடுப்பினை நிகழ்ந்தமையும் நன்கறியப்பட்டவை. சமண இல்ல மணங்களைப் பிராமணப் புரோகிதரே நடத்திவைத்தலும் அங்கு நெடுநாள் வழக்கம். எனவே இரு பிரிவினர் சடங்கு வரிசையும் பெரிதும் ஒன்றே: அழைப்போலையாகிய கங்கோத்ரி, மணமக்களுக்கு மஞ்சள் பூசும் பீட்டீ, தாய்மாமன் வரிசையாகிய மாமேரு, மணமகன் ஊர்வலமாகிய ஜான், வாயிலில் மாமியார் எதிர்கொள்ளும் போங்க்கணு, இருவருக்குமிடையே திரை பிடிக்கும் அந்தர்பட், கைத்தலம் பற்றும் ஹஸ்தமேளாப், ஆடை நுனிகளை முடிச்சிடும் சேடாசேடி, தீவலமாகிய மங்கள பேரா, இனிப்பூட்டும் கன்ஸார், பிரியாவிடையாகிய விதாய்.

இவற்றுள் போங்க்கணு தனித்து நோக்கத்தக்கது. மணமகன் வாயிலை அடைந்ததும் மாமியார் சிறு நுகத்தடி, உலக்கை, மத்து, நூற்கதிர் ஆகியவற்றின் சிற்றுருக்களைக் காட்டிச் சுற்றுகிறார். மூக்கைப் பிடித்திழுக்க முயன்று விளையாடுகிறார். மணமகன் மண்ணகல்களைக் காலால் மிதித்து நொறுக்கி உள்ளே நுழைகிறான். உழவு உயிர்க்கொலைக்கு இடந்தரும் தொழில் எனக் கருதி வணிகத்தில் நிலைத்த ஒரு கூட்டம், தன் மருமகனை நுகத்தடி காட்டி வரவேற்பது வியப்பே. வட்டாரத்தின் உழவர் வழக்கம் வணிகர் வாயிலில் அப்படியே நிற்கிறது.

இவ்வழக்கத்தின் பழமைக்குச் சான்று ஏமசந்திரரிடம் கிடைக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த இச்சுவேதாம்பர ஆசாரியர், திரிசட்டிசலாகாபுருட சரித்திரத்தின் முதற்பருவத்தில் இருடபதேவரின் திருமணத்தை வருணிக்கிறார். சுமங்கலை, சுனந்தை என்னும் இருவரையும் இருடபர் மணக்க, இந்திரனே சடங்குகளை நடத்துவிக்கிறான். வாயிலில் மத்தைக் கொண்டு மணமகன் நெற்றியைத் தொடுதலும், உப்பும் தீயும் இட்ட அகல்களை அவர் காலால் நொறுக்குதலும், ஆடைகளை முடிச்சிடுதலும் அங்கு உள்ளன. தம் காலத்துக் குஜராத்து வழக்கத்தை முதல் தீர்த்தங்கரர் மணத்தின்மேல் ஏற்றி உரைப்பதன் மூலம் ஏமசந்திரர் அதற்குச் சமய ஒப்புதல் தந்துவிடுகிறார். சோமதேவர் கொள்கையாகச் சொன்னதை இவர் காப்பியமாகச் செய்தார் எனலாம்.

சமயம் நீக்கியவை எவை? உயிருண்டாவதற்கு இடமான தேன் சமணருக்கு விலக்கு. ஆகவே மணமகனுக்கு அளிக்கும் மதுபர்க்கத்தில் தேனின் இடம் ஒழிய வேண்டியதாகிறது. விருந்தில் உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு முதலிய நிலத்தடிப் பொருள்கள் இல்லை. விரதம் காக்கும் குடும்பங்களில் பொழுது சாயுமுன் விருந்து முடியவேண்டும். துறவியர் ஓரிடத்தில் தங்கும் மழைக்காலச் சாதுர்மாசியத்தில் முகூர்த்தம் வைப்பதில்லை. தமிழர் ஆடியையும் மார்கழியையும் தவிர்ப்பதோடு இது ஓரளவே பொருந்தும். தொடக்கத்தில் நவகார மந்திரம் ஓதப்படுகிறது. தீவலம் நான்கு சுற்று; அவை அறம், பொருள், இன்பம், வீடு என விளக்கப்படுகின்றன. நாற்பொருள் என்னும் தமிழ் வழக்கறிந்தார்க்கு இவ்விளக்கம் புதிதன்று.

மாமனும் மாமேருவும்

குஜராத்தி மணத்தில் மணமகளின் தாய்மாமன் இன்றியமையாதவர். செங்கரையிட்ட வெண்பட்டாகிய பானேதர், வளையல்கள், அணிகலன் முதலியன அவர் தரும் மாமேருவில் அடங்கும். மணமகளைப் பந்தலுக்கு அழைத்து வருபவரும் அவரே. இதைக் காணும் தமிழர் நம் தாய்மாமன் சீரேதான் என எளிதில் முடிவுகட்டுவர். பொருளளவில் அம்முடிவு சரியே. உறவளவில் அது பிழை.

பதினேழாம் நூற்றாண்டுக் குஜராத்திப் புலவர் பிரேமானந்தரின் புகழ்பெற்ற படைப்பொன்று நரசிங் மேத்தாவின் மகள் குன்வர்பாயின் மாமேருவைப் பற்றியது. அங்கே மாமேரு திருமணத்தின்போது அன்று, குன்வர்பாயின் சீமந்தத்தின்போது பிறந்தகத்தார் கொண்டுவர வேண்டிய வரிசை. ஆகவே மாமேரு என்பதன் உட்பொருள், பெண்ணைக் கொடுத்த வீடு அவள் புக்க வீட்டுக்குத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருத்தல். தங்கை மகளின் மணத்தில் மாமன் கொடுப்பது அந்தக் கொடையின் நீட்சி. கொடைக்கு மாற்றாகப் பெண் அவ்வீட்டுக்குத் திரும்புவதில்லை. குஜராத்தி வணிகச் சாதிகளில் மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பது விலக்கு. மாமன் மக்கள் உடன்பிறந்தாராகவே கருதப்படுகின்றனர்.

தமிழ் நிலத்தில் மாமன் கொடுப்பவர் மட்டுமல்லர், உரிமையுடையவரும் ஆவார். முறைப்பெண் என்னும் சொல்லே அதற்குச் சான்று. தம் மகனுக்கு வேண்டாதபோதுதான் பெண் வேறிடம் போகிறாள் என்பது மரபு. சீர் என்பது உரிமையை விட்டுக்கொடுத்ததன் அடையாளமாகவும் நிற்கிறது. தென்னிந்திய உறவுமுறையில் தாய்மாமன் இரத்த உறவினர் என்பதைவிடத் தந்தையின் மணவுறவினர் என்பதே முதன்மை. அம்மணவுறவு தலைமுறை தோறும் கைமாறுகிறது என 1957இல் லூயி தூமோன் வாதிட்டார். அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே ஐராவதி கார்வே இந்திய உறவுமுறைகளை வட்டாரங்களாகப் பகுத்து, குஜராத்தை வடக்கும் தெற்கும் கலக்கும் நடுவண் வட்டாரத்தில் வைத்தார். அவ்வட்டாரத்துச் சில சாதிகளில் மாமன் மகளை மணத்தல் உண்டு என்பதையும் அவர் காட்டினார். வணிகச் சமணர் அச்சாதிகளுள் சேரார்.

தமிழ்ச் சமணர் இவ்விடத்தில் குஜராத்திச் சமணரோடு நிற்கவில்லை, தமிழரோடு நிற்கின்றனர். முறைமணம் அவர்களுக்கு உடன்பாடு. விழுப்புரம் மாவட்டம் மேல்சித்தாமூரில் உள்ள சினகாஞ்சி மடம் அவர்களுக்குத் தலைமை மடம். உபாத்தியாயர் எனப்படும் தம் சமயக் குருக்களைக் கொண்டே அவர்கள் சடங்கு நடத்துகின்றனர். குஜராத்தில் சடங்கு நடத்துவோர் அயலவர், உறவுமுறை வடபுலத்தது. தமிழகத்தில் சடங்கு நடத்துவோர் சமணரே, உறவுமுறையும் தாலியும் தமிழ்நிலத்தன. சடங்காசிரியர் சமணராயிருந்தும் வட்டாரமே வென்றிருப்பது குறிக்கத்தக்கது.

சிந்தாமணி தரும் சான்று

திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணி மணநூல் எனப் பெயர் பெற்றது. பதின்மூன்று இலம்பகங்களில் சீவகன் எண்மரை மணந்து, அரசெய்தி, இறுதியில் துறக்கிறான். துறவியொருவர் மணநூல் பாடினார் என்பதில் தொடக்கம் முதலே ஒரு முரண் உணரப்பட்டு வந்துள்ளது. ஆனால் மேலே சுட்டிய தயக்கத்தை நினைவிற்கொண்டால் முரண் குறையும்: மணங்களைத் துறவுக்கு முற்பட்ட படிகளாக அடுக்குவதே நூலின் அமைப்பு.

இக்கட்டுரைக்கு வேண்டுவது இறுதி மணம். இலக்கணையார் இலம்பகத்தில் சீவகன் மணக்கும் இலக்கணை, விதேயத்து வேந்தன் கோவிந்தனின் மகள். கோவிந்தன் சீவகனின் தாய் விசயையின் உடன்பிறந்தான். எனவே அவள் மாமன் மகள். திரிபன்றி எய்தவனுக்கே மகள் எனக் கோவிந்தன் முரசறைவித்தாலும், எய்து பெறுபவன் அவன் மருகனே. மற்ற எழுவரும் இடையிடையே வாய்த்தவர். முடிசூட்டோடு இணைந்து, மிக விரிவான சடங்கு வருணனையோடு நிகழும் மணம் மாமன் மகளுடையது. வாதீபசிங்கரின் வடமொழிச் சீவகன் கதையிலும் இவ்வுறவு உண்டு. ஆகவே அதைத் திருத்தக்கதேவர் படைத்தார் என்பதற்கில்லை. தமிழ்ச் சமணரிடை இக்காப்பியம் தெற்கத்திய உறவுமுறையோடு இயைந்தே வழங்கிற்று என்பது மட்டும் தெளிவு.

சுவேதாம்பர இருடபர் கதையில் சுமங்கலை அவரோடு இரட்டையாய்ப் பிறந்தவள். இரட்டையரே இணையராகும் ஆதிகாலத்தின் எச்சம் அது. திகம்பர ஆதிபுராணமோ இருடபரின் மனைவியரை யசசுவதி, சுனந்தை எனப் பெயரிட்டுக் கச்ச மகாகச்சரின் உடன்பிறந்தாராக்குகிறது. யாரை மணக்கலாம் என்னும் வினா தீர்த்தங்கரர் வரலாற்றுக்குள்ளேயே பிரிவுக்கொரு விடையைப் பெற்றிருக்கிறது.

சிந்தாமணி ஏட்டளவில் நின்ற நூலன்று. உ.வே.சாமிநாதையர் கும்பகோணத்தில் சமணர் இல்லமொன்றுக்குச் சென்றபோது வாயிலில் தோரணமும் கோலமும் கண்டு காரணம் வினவியதும், அன்று சிந்தாமணிப் படிப்பு நிறைவுற்றதை அவ்வீட்டார் கொண்டாடினர் என அறிந்ததும் என் சரித்திரத்தில் பதிவாகியுள்ளன. அவர் பதிப்பு 1887இல் வெளிவந்தது. மணவீட்டுக்குரிய தோரணம் மணநூல் படித்து முடித்ததற்குக் கட்டப்பட்டது.

திரும்பிய தேர்

இரு சமணருக்கும் பொதுவான மணக்கதை ஒன்றுண்டு. அது நடவாமற்போன மணம். இருபத்திரண்டாம் தீர்த்தங்கரர் நேமிநாதர் இராசீமதியை மணக்கத் தேரில் செல்கையில், விருந்துக்காக அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டுத் தேரைத் திருப்பிக் கிர்நார் மலையேறித் துறந்தார். உத்தராத்தியயன சூத்திரத்தின் இருபத்திரண்டாம் இயல் இக்கதையைக் கூறும். கிர்நார் குஜராத்தின் சூனாகட்டை அடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வினயசந்திரசூரி இயற்றிய நேமிநாத சதுட்பதிகை, பன்னிரு மாதமும் இராசீமதியின் பிரிவைச் சொல்லும் வகையில் குஜராத்தியின் தொன்மையான படைப்புகளுள் ஒன்று. தமிழகத்தில் போளூரை அடுத்த திருமலையில் நேமிநாதரின் பேருருவம் உள்ளது. மயிலாப்பூரில் அவருக்குக் கோயில் இருந்தமையைக் குணவீர பண்டிதரின் இலக்கணநூற் பெயராகிய நேமிநாதமே நினைவூட்டும். மணவிருந்தில் ஊன் விலக்கு ஏன் இவ்வளவு இறுக்கமாயிற்று என்பதற்கு இக்கதையைக் காட்டிலும் வேறு விளக்கம் தேவையில்லை.

தென்னார்க்காட்டு விவரச்சுவடியின் குறிப்பு

கள்ளக்குறிச்சி வட்டத்தைத் தன்னுள் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தின் விவரச்சுவடியை 1906இல் டபிள்யூ. பிரான்சிசு வெளியிட்டார். தர்ஸ்டன் 1909இல் தம் தொகுப்பில் அதனை எடுத்தாண்டார். சமணரின் பிறப்பு, மணம், இறப்புச் சடங்குகள் பொதுவாகப் பிராமணர் சடங்குகளை ஒத்தன எனக் கூறும் பிரான்சிசு, ஒரு வேறுபாட்டை வியப்புடன் குறிக்கிறார். பெண்மக்கள் பூணூல் அணிவதில்லை. ஆயினும் ஏறத்தாழ எட்டு வயதில், ஆண்மக்களுக்குரிய சடங்குகளெல்லாம் சூழ, பூணூல் மந்திரம் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. பெண்ணுக்குத் திருமணமே உபநயனத்தின் இடத்தில் நிற்கிறது என்பது தருமசாத்திரக் கருத்து. தமிழ்ச் சமணப் பெண் மணமேடைக்கு வருமுன்பே மந்திரம் பெற்றிருந்தாள் எனில், அவளுடைய மணம் அவளைச் சமயத்துக்குள் புகுத்தும் சடங்கன்று. முன்பே சமயம் புகுந்தவளின் உலகியற் செயல். சோமதேவரின் பகுப்பு வீட்டுச்சடங்கு வரையில் இறங்கியிருந்தமைக்கு இதனினும் நல்ல சான்று அரிது.

மலைமேல்

அதே விவரச்சுவடிக்குரிய நிலப்பரப்பில் கல்வராயன் மலை சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் ஆகிய மூன்று பாளையத்தலைவரின் சாகீர்களாக இருந்தது. மலையாளிகள் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த வேளாளர் என்றும், அண்ணன் தம்பியர் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் சொல்வர். அவர்கள் மணத்தில் வகுத்துரைக்கும் நூல் இல்லை. பிராமணப் புரோகிதர் இல்லை. ஊர்க்கவுண்டர் முதலிய தலைவர்களின் ஒப்புதலும் உறவினர் முன்னிலையும் மணத்தை மணமாக்குகின்றன. மாமன் மகள், அத்தை மகள் உரிமை வலுவுடையது. மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரியம் தருகின்றனர். பணத்தோடு தானியமும் அதில் அடங்கும்.

மாமேருவோடு பரியத்தை வைத்துப் பார்த்தால் கொடையின் திசை நேர்மாறாயிருப்பது தெரியும். குஜராத்தில் பெண்ணும் பொருளும் ஒரே திசையில் செல்கின்றன, திரும்புவதில்லை. மலையில் பெண் வரும் திசைக்கு எதிராகப் பொருள் செல்கிறது. அடுத்த தலைமுறையில் பெண்ணே திரும்பவும் கூடும். தமிழ்ச் சமணர் இவ்விரண்டுக்கும் நடுவே, பொருளளவில் முதலதற்கும் உரிமையளவில் இரண்டாவதற்கும் அருகில் நிற்கின்றனர்.

புரோகிதரும் தீயும் இல்லாத மணம் தமிழுக்குப் புதிதன்று. அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் காட்டும் மணங்களில் உளுந்து கலந்த உணவு, மணற்பந்தல், நீராட்டும் மகளிர், நல்ல நாள் ஆகியன உண்டு; தீவலம் இல்லை. கோவலன் கண்ணகி மணத்திலோ தீவலம் வந்துவிட்டது. மலையாளி வழக்கத்தைச் சங்ககால எச்சம் என உடனே சொல்லிவிடும் விருப்பம் ஆய்வாளரிடை அவ்வப்போது எழுவதுண்டு. சமவெளியிலிருந்து வந்தோம் எனத் தாமே கூறும் மக்கள்மேல் அதை ஏற்றுதல் தகாது. தொல்காப்பியக் கற்பியல் கூறும் கரணம் என்னும் சொல்லின் பொருள் புரோகிதரையும் தீயையும் வேண்டி நிற்பதன்று என்பதற்கு மட்டும் அவ்வழக்கம் வாழும் எடுத்துக்காட்டாகும்.

வழக்கமும் சட்டமும்

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் தன் இரண்டாம் பிரிவில் சமணரை வெளிப்படையாகச் சேர்க்கிறது. 2014 சனவரியில் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டமை இதை மாற்றவில்லை. இந்தோர் குடும்பநீதிமன்றம் மாறாகக் கொண்ட கருத்தை மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் 2025இல் ஏற்க மறுத்தது. ஏழாம் பிரிவின்படி மணமக்களுள் எவரேனும் ஒருவருடைய வழக்கச் சடங்குகள் போதுமானவை. சடங்கில் சப்தபதி இருந்தால் ஏழாம் அடியோடு மணம் நிறைவுறும். இல்லாதார்க்கு அவரவர் வழக்கமே அளவு.

உறவுமுறையில்தான் சிக்கல். ஐந்தாம் பிரிவு விலக்கப்பட்ட உறவுகளுக்குள் மணத்தைத் தடுத்து, வழக்கம் இடந்தந்தால் விதிவிலக்கு அளிக்கிறது. தமிழ்ச் சமணரின் முறைமணமும் அக்காள் மகளை மணத்தலும் இவ்விதிவிலக்கால் நிற்கின்றன. வழக்கம் என்பது நெடுங்காலம் தொடர்ந்தும் ஒரே சீராகவும் கைக்கொள்ளப்பட்டதாயிருத்தல் வேண்டும் என மூன்றாம் பிரிவு வரையறுப்பதால், சமணர் வழக்கம் என்று பொதுப்படச் சொன்னால் குஜராத்திச் சமணரின் விலக்கே எதிர்ச்சான்றாக நிறுத்தப்படலாம். நிறுவப்பட வேண்டியது தமிழ்ச் சமணர் வழக்கம். சிந்தாமணியின் மாமன் மகளுக்கும் 1906இன் விவரச்சுவடிக்கும் இங்கே இலக்கியத்துக்கு அப்பாற்பட்ட பயன் உண்டு.

மலையாளிகளுக்கு அச்சட்டமே பொருந்தாது. தென்னார்க்காடு உள்ளிட்ட மாவட்டங்களுக்கெனப் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றுள்ள அவர்களுக்கு, மைய அரசு தனியே அறிவித்தாலன்றி, இரண்டாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு விலக்களிக்கிறது. ஊர்க்கவுண்டர் முன் நிகழ்ந்த மணத்துக்கு அவ்வழக்கமே சட்டம். ஆயினும் 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லாச் சமயத்தார் மணங்களையும் பதிவுக்குட்படுத்துகிறது. கடைத்தெரு வணிகர் கங்கோத்ரியுடனும், நயினார் உபாத்தியாயர் நடத்திய மணத்தின் அழைப்பிதழுடனும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர இயலும். அச்சிட்ட ஓலையின்றி, பரியம் பேசிய நாளில் கூடியிருந்தோரின் சொல்லையே சான்றாகக் கொண்ட மலைவாழ் மக்கள், அதே மேசைமுன் தம் வழக்கத்தை வாய்மொழியால் மெய்ப்பிக்க வேண்டியவராகின்றனர்.